தொட்டிலும் தொழிலும்



கொட்டியாரக் குடாவின் காற்று வீசும் இம்மேடையில் சுவீடன் நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். சமூகவியல் அறிஞர் ஆல்வா மிர்டால் நமக்கு முற்றும் அந்நியரல்லர். 1955இல் புதுதில்லிக்குத் தூதுவராய் வந்த அவர் இலங்கைக்கும் அப்பொறுப்பை வகித்தார். குடும்பத் திட்டத்துக்காக இலங்கையும் சுவீடனும் ஒப்பந்தம் செய்தது 1958இல்.

சுவீடனில் பிறப்பு வீதம் சரிந்தபோது பெண்களையே பழித்தனர் பலர். அம்மையாரும் கணவர் குன்னாரும் 1934இல் எழுதிய நூல் அப்பழியைத் திருப்பிற்று: வீடில்லை, வருவாய் போதாது, பிள்ளை பெற்றால் வேலை போய்விடும், குற்றவாளி யார்? தாயா, சமுதாயமா? 1939இல், திருமணத்தையோ மகப்பேற்றையோ காட்டிப் பெண்ணை வேலைநீக்கம் செய்வதைச் சட்டமே தடுத்தது.

ஒன்றை மறைக்க மாட்டேன். சிலரைத் தகுதியற்றோர் என வகுத்து, அவர்களுக்கு மலடாக்கும் சிகிச்சை செய்வதை அதே நூல் ஆதரித்தது. குடியேற்றத்தால் தலைகளின் எண்ணிக்கையே அரசியலாகிவிட்ட திருகோணமலையில், அதைக் கேட்டு நாம் நடுங்காதிருக்க இயலுமா?

ஆயினும் பொதுக் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1930களிலேயே போராடியவர் அவர். விடியுமுன் மீன் வாடிக்குச் செல்லும் நம் தாய் தன் கைக்குழந்தையை எங்கே விட்டுச் செல்கிறாள்? நகரசபைக்கு அனுப்பவிருக்கும் விண்ணப்பம் அதோ அம்மேசையில் இருக்கிறது, கையொப்பமிடுங்கள்.