சபையில் எழுந்து என்ன கேட்டாய்?



சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் கட்சிக்காரர்கள் பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: இளைஞர், இளைஞர், இளைஞர். இருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆனால் போதும் என்கிறது. 25 வயது ஆவதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆகிவிடும்!

இளைஞன் ஒருவன் சபைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்? அதற்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டாம். இதோ பக்கத்தில் குமாரமங்கலம். அந்த ஜமீனில் 1889-இல் பிறந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்தவர். 1920-இல் சென்னை சட்டசபைக்குள் நுழையும்போது வயது 31. 1926 டிசம்பர் 4-இல் மாகாணத்தின் முதல் மந்திரி. அப்போது வயது 37.

"ஜமீன்தாருக்கு என்னய்யா சிரமம்?" என்று அங்கே ஓர் அண்ணன் முணுமுணுக்கிறார். நியாயம்தான். அன்றைக்குச் சொத்து வைத்திருந்தவனுக்குத்தான் ஓட்டு. தறி ஓட்டியவனுக்கும் ஏர் ஓட்டியவனுக்கும் கிடையாது. அவர் முதல் மந்திரியானதும் மக்கள் அலையால் அல்ல. அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவி வேண்டாம் என்று ஒதுங்கியது. கவர்னர் இவரைக் கூப்பிட்டார், நியமன உறுப்பினர்களின் முட்டுக்கொடுப்பில் மந்திரிசபை நின்றது. சைமன் கமிஷன் தகராறில் அவருடைய மந்திரிகள் இரண்டு பேர் விலகிப் போனார்கள், இவர் நாற்காலியில் இருந்தார். 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது கல்வித்துறை இவர் கையில். இதையெல்லாம் நான் மூடி மறைக்க வரவில்லை. அவருக்கு மாலை போடவும் வரவில்லை.

ஆனால், சபையில் அவர் என்ன செய்தார்? அதைப் பாருங்கள்.

1923 நவம்பர். பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். சுப்பராயன் நீதிக்கட்சியோடு இருந்தவர். ஆனாலும் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தார். 65-க்கு 44 என்று தோற்றார்கள். தோற்றாலும் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகிவிட்டது. இன்னொரு வாக்கெடுப்பும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017 பிப்ரவரி. எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள். அங்கிருந்து வண்டியில் வந்து இறங்கி, 122 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். நம்பிக்கை வாக்குக் கேட்ட முதல்வரும் நம் எடப்பாடிக்காரர்தான்.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கையைக் கட்டிவிட்டது, கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்பார்கள். சரி, கை கட்டியிருக்கிறது. வாயை யார் கட்டினார்கள்? கேள்வி நேரம் இருக்கிறது. வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. தனிநபர் மசோதா இருக்கிறது. எவன் தடுத்தான்?

1932-இல் சுப்பராயன் மந்திரி இல்லை. வெறும் உறுப்பினர். அப்போதுதான் ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் போகத் தடை கூடாது என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார், மசோதாவும் எழுதினார். அந்த மசோதாவைக் கொண்டுவர 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்தார். சனாதனிகள் கைதட்டினார்கள். 1939-இல் ராஜாஜி மந்திரிசபை ஆலய நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மந்திரிசபையில் சட்டத்துறை யாரிடம்? இதே சுப்பராயனிடம். பதவி இல்லாதபோது கேட்டதைப் பதவி வந்ததும் மறக்காத ஆளை, இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது காட்டுங்கள்!

இப்போதைய எம்.எல்.ஏ.வின் காலைப் பொழுதைப் பாருங்கள். மண்டபத்து வாசலில் கார் நிற்கும். மொய்க் கவரை மாப்பிள்ளை கையில் வைத்து, போட்டோகிராபர் "அண்ணா, இங்க பாருங்க" என்று சொல்லும்வரை விட மாட்டார். படம் விழுந்ததும் அடுத்த மண்டபம். காதுகுத்து, கடைத் திறப்பு, நிழற்குடைத் திறப்பு. அந்த நேரத்தில் குமாரபாளையத்தில் சாயத் தண்ணீர் காவிரியில் கலந்துகொண்டிருக்கிறது. பள்ளிபாளையத்தில் கடன் தாளாமல் விசைத்தறித் தொழிலாளி கிட்னியை விற்ற சேதி 2025-இல் நாடெல்லாம் நாறியது. கிட்னி, ஐயா! வட்டிக்காரனுக்குக் கொடுக்க உடம்பில் வேறு என்ன மிச்சம்?

சேலம் மாவட்டத்தில் 11 தொகுதி, நாமக்கல்லில் 6. ஆக 17 பேரை அனுப்புகிறோம். ஓட்டுக் கேட்டு வரும்போது ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள் தாய்மார்களே. "ஐந்து வருடத்தில் எங்கள் தறிக்காக, எங்கள் ஆற்றுக்காகச் சபையில் எழுந்து என்ன கேட்டாய்? சபைக் குறிப்பின் நகலைக் காட்டு" என்று கேளுங்கள். காட்டினால் 25 வயதானாலும் போடுங்கள், 75 வயதானாலும் போடுங்கள். காட்டாதவனுக்கு உங்கள் வீட்டு ஓட்டு ஒன்றுகூட விழக் கூடாது.