மலையின் எல்லை யார் பொருட்டு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் அம்மரபைச் சற்றே நெகிழ்த்தி, காட்டின் எல்லையைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். அதற்குக் காரணம் உண்டு. நெய்யாற்று அணைக்குச் சென்ற நம் சுற்றுலாவில், திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் ஒரு வாதம் நிகழ்ந்தது. "காட்டின் காவல் எல்லையைக் குறைத்தால்தான் மலையடிவாரத்து மக்கள் வாழ முடியும்" என்றனர் சிலர். "ஓர் அடி குறைந்தாலும் நாளை நம் பேரப் பிள்ளைகள் காண மலையே இராது" என்றனர் வேறு சிலர். அதியன்னூர் வந்து சேர்ந்தபோது பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருவரையொருவர் பாராமல் இறங்கிப் போனோம். இரு சாராரும் நம்மவர். இரு சாராரும் நல்லவர். ஆகவே அவ்வாதத்தை இம்மேடையில் ஆற அமர எடுத்துப் பேசித் தெளிவது சங்கத்தின் கடமை ஆயிற்று.

முதலில் மலையைப் பார்ப்போம். மழை ஓய்ந்த காலைப் பொழுதில் வடகிழக்கே நோக்கினால் நீலமாய் எழுந்து நிற்கும் மலைத்தொடரில் உயர்ந்து தோன்றும் கொடுமுடி அகத்தியர்கூடம். அதன் உயரம் 1,868 மீட்டர். மலையாள மக்கள் அகஸ்தியகூடம் என்பர்; தமிழ் மக்கள் பொதிகை என்பர். பெயர் இரண்டு; மலை ஒன்று. அம்மலையின் கிழக்கே பொருநையாகிய தாமிரபரணி பிறந்து நெல்லைச் சீமைக்கு உணவூட்டுகிறது. மேற்கே நெய்யாறு பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. பாலராமபுரத்துச் சாலியர் தெருவின் முன்னோர், நூறாண்டுகளுக்கு முன்னரே தென்பாண்டி நாட்டிலிருந்து தறியோடு வந்தவர்கள். பின்னர் வாணிகத்திற்கும் உத்தியோகத்திற்கும் வந்த குடும்பங்கள் பல. எந்நாளில் வந்தவராயினும், மலையின் அந்தப் பக்கத்து நீரை விட்டு இந்தப் பக்கத்து நீரைக் குடிக்க வந்தவர்களே நாம். ஊர் மாறியும் மலை மாறவில்லை.

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. மனிதர் வரைந்த அந்த எல்லை நமக்கு நன்கு தெரியும். அதற்கு ஈராண்டு கழித்து, 1958-இல், மலையில் வேறோர் எல்லை வரையப்பட்டது. அதுவே நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 128 சதுர கிலோமீட்டர். அதனை அடுத்த பேப்பாறை 1983-இல் 53 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் ஆயிற்று. 2001-இல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் பின்னர் இரு மாநிலக் காடுகளையும் ஒன்றாய்க் கொண்டது. 2016-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பட்டியலில் சேர்த்தது. மாநில எல்லை மக்களைப் பிரித்தது. இந்தக் காப்பகத்தின் எல்லையோ பிரிந்த இரு பக்கத்தையும் ஒன்றாய்ச் சேர்த்தது.

இனி வாதத்திற்கு வருவோம். தேநீர்க் கடைகளில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் "பஃபர் ஸோன்" என்று பேசிவிடுகிறோம். உண்மையில் எல்லைகள் மூன்று வகை. ஒன்று, சரணாலயத்தின் எல்லை. இரண்டு, சரணாலயத்தைச் சுற்றிலும் வேலிபோல் அமையும் சூழல் காப்பு மண்டலம். மூன்று, மேற்குத் தொடர்ச்சி மலை முழுமைக்கும் வகுக்கப்படும் காப்புப் பரப்பு.

மூன்றாவதன் வரலாறு குறைப்பின் வரலாறாகவே இருக்கிறது. 2011-இல் மாதவ் காட்கில் குழு, மலைத்தொடர் முழுவதையுமே காப்புக்குரியதாகக் கொண்டு, அதனை மூன்று தரமாகப் பிரித்துப் பேணலாம் என்றது. எதிர்ப்பு மூண்டது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு அதனை 59,940 சதுர கிலோமீட்டராகச் சுருக்கியது. கேரளத்தின் பங்காக அக்குழு குறித்தது 13,108 சதுர கிலோமீட்டர். 2014-இல் வெளிவந்த மத்திய அரசின் வரைவில் அது 9,994 சதுர கிலோமீட்டர் அளவிற்கு இறங்கியது. அவ்வரைவு முடிவாகாமல் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. ஆறாம் முறையாக அது வெளிவந்த நாள் 2024 ஜூலை 31. அதற்கு முந்தைய நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டாவது வகையே நம் பேருந்தில் சண்டை மூட்டியது. நெய்யாறு, பேப்பாறைச் சரணாலயங்களைச் சூழ்ந்த மண்டலத்திற்கு 2022-இல் வரைவு அறிவிக்கை வெளிவந்தவுடன் அம்பூரி முதலிய மலையோர ஊர்களில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள், காப்புக் காடுகளின் எல்லையிலிருந்து குறைந்தது ஒரு கிலோமீட்டர் அளவிற்கு இம்மண்டலம் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேரள அரசு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கெடுத்தபோது, அந்த ஒரு கிலோமீட்டருக்குள் 49,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருப்பதாகத் தெரிந்தது. அக்கணக்கிலும் விடுபட்டவை பல என்று மக்கள் முறையிட்டனர்.

அம்மக்களின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. நாட்டில் உணவுப் பஞ்சம் மிகுந்த காலத்தில், பயிரிட்டு உண்ணுங்கள் என்று காட்டு நிலத்தை அரசே திறந்துவிட்டதுண்டு. அவ்வாறு காட்டோரம் குடியேறி, காய்ச்சலுக்கும் யானைக்கும் ஈடு கொடுத்து மண்ணைப் பண்படுத்தியவர்களின் மக்களும் பேரரும் இன்று அங்கே வாழ்கின்றனர். மூன்று ஏக்கர் இரப்பரும் ஓட்டு வீடும் அன்றி வேறு சொத்து அறியாதவர் பலர். மண்டலத்தில் பயிர் செய்வதற்கோ குடியிருப்பதற்கோ தடை இல்லை என்று விதி சொல்கிறது. ஆயினும் வங்கி கடன் தருமா, மகள் திருமணத்திற்கு நிலத்தை விற்றால் வாங்குவார் உண்டா, நட்ட மரத்தை வெட்ட எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடச் சொல்வது நியாயம் ஆகாது. அலுவலர் ஊருக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து சொல்ல வேண்டிய விடை அது.

ஆனால், அன்பர்களே, இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். உழவனின் குடிசையைக் காட்டி எல்லையைக் குறைக்கச் சொல்லும்போது, குறைந்த எல்லைக்கு வெளியே வருவது குடிசை மட்டுமன்று. பாறை மடையும் வெளியே வருகிறது. குடிசையின் பொருட்டுத் திறந்த கதவின் வழியே கல்லுடைக்கும் எந்திரம் நுழைந்துவிடுகிறது. மண்டலத்தின் விதிகள் முதன்மையாகத் தடுப்பவை எவை? பாறை உடைத்தல், பெருமாசு விளைக்கும் ஆலைகள் ஆகியவையே. அவற்றால் நட்டம் அடைகிறவன் மூன்று ஏக்கர் உழவன் அல்லன். மாறாக, வெடிச் சத்தத்தில் சுவர் பிளப்பதும், கிணறு வற்றுவதும் அவன் வீட்டில்தான்.

அம்பூரியையே எண்ணிப் பாருங்கள். 2001 நவம்பர் 9-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து, ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். செங்குத்தான சரிவு எவ்வளவு தாங்கும் என்பதற்கு நாம் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. நம் வட்டாரமே விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

உச்ச நீதிமன்றமும் இறுதியில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டது. 2023 ஏப்ரல் 26-ஆம் நாள், எங்கும் ஒரே அளவாக ஒரு கிலோமீட்டர் என்னும் ஆணையை அது தளர்த்தியது. இடத்திற்கேற்ப அளவு அமையலாம் என்றது. ஆனால் காப்புக் காட்டிலும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கனிமம் தோண்டலாகாது என்பதை மட்டும் விடாமல் நிறுத்தியது. குடியிருப்பவனுக்கு நெகிழ்வு, குடைபவனுக்குத் தடை. நம் கருத்தும் இதுவே.

சரணாலயத்திற்குள்ளேயே ஊர் அகப்பட்டுவிட்டால் என் செய்வது என்று கேட்கலாம். தட்டேக்காடு பறவைச் சரணாலயம் 1983-இல் 25 சதுர கிலோமீட்டரில் அமைந்தது. அதில் ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர் மக்கள் வாழும் ஊர். அதனை நீக்கி, ஈடாக மூணாறுக் காட்டுக் கோட்டத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நிலத்தைச் சேர்க்கலாம் என்று கேரளத்தில் முன்மொழிவு எழுந்தது. பறவைக்கு இந்த மரமும் அந்த மரமும் ஒன்றாகுமா என்று அறிஞர் ஆராய வேண்டும். எனினும் குறைத்தல் ஒன்றையே எண்ணாமல், எடுத்ததற்கு ஈடு கொடுத்தல் என்னும் நெறி அதில் இருப்பதை நாம் மதிக்கிறோம்.

இவ்வழக்கு நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் யூட்டா மாநிலத்தில் பேர்ஸ் இயர்ஸ் என்னும் செம்பாறை நிலத்தை, ஐந்து பழங்குடி இனத்தார் வேண்டியதற்கு இணங்க, 2016 டிசம்பரில் அதிபர் ஒபாமா காப்பு நிலமாக அறிவித்தார். பரப்பு 13 இலட்சம் ஏக்கருக்கு மேல். மறு ஆண்டே அதிபர் டிரம்ப் அதில் 85 விழுக்காட்டை நீக்கினார். பழங்குடியினரும், மலையேறுவோரும், காட்டை நேசிப்போரும் நீதிமன்றம் சென்றனர். 2021 அக்டோபரில் அதிபர் பைடன் பழைய எல்லையை மீட்டார். பேனாவின் ஒரு கீற்றால் விரிவதும் மறு கீற்றால் சுருங்குவதுமாக ஒரு மலை நிலம் ஆடியது. அங்கே நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: விடுமுறைக்கு வந்து போகிறவனும், வழிவழியாய் அங்கே வாழ்கிறவனும் ஒரே பக்கம் நின்றார்கள். இங்கே நாம் அவ்வாறு நிற்கிறோமா?

நெய்யாற்றுக் காட்டில் வழிவழியாய் வாழ்கிறவர் காணிக்காரர். 1987-இல் மலைக்குச் சென்ற அறிவியலறிஞர்கள் களைத்துச் சோர்ந்தபோது, வழிகாட்டிய காணியர் ஒரு செடியின் காயைத் தின்னக் கொடுத்தனர், களைப்பு நீங்கிற்று. அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘ஜீவனி’ மருந்தின் உரிமைத் தொகையில் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது. உலகம் அதனை எடுத்துக்காட்டாகப் பேசிற்று. எல்லையைப் பற்றிய கூட்டங்களில் உழவர் பேசுகின்றனர், அரசியலார் பேசுகின்றனர், நம்மைப் போன்ற சுற்றுலாவினரும் பேசுகிறோம். காணியரின் குரல் எத்தனை முறை நம் செவியில் விழுந்தது?

அணையில் படகு விட்டும், புல்தரையில் பொட்டலம் அவிழ்த்து உண்டும் மகிழும் நாம், அக்காட்டைப் பொழுதுபோக்கிற்குரிய பூங்காவாகவே கருதிவிடுகிறோம். பொழுதுபோக்கும் சிறிய பொருளன்று. செல்வருக்குத் தோட்ட மாளிகை உண்டு. தறியில் குனிந்த முதுகோடு ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாம் நாள் தன் குழந்தையோடு சென்று நிமிர்ந்து நிற்க இருக்கும் எஸ்டேட் அந்த மலை ஒன்றே. அதற்கு அவன் பட்டா கேட்க வேண்டியதில்லை. அது எல்லார்க்கும் பொது. பொது நிலம் சுருங்கும்போது முதலில் இழப்பவன் தனி நிலம் இல்லாதவன்.

நீரின் செய்தியும் அவ்வாறே. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் முன்பு விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004-இல் அது நின்றது. அந்நீரைப் பற்றி இரு மாநிலமும் வழக்காடின. பாலுக்கு வழக்காடுவோர் பசுவை மறந்தாற்போல், நீரை ஈனும் காட்டைப் பற்றி இரு பக்கமும் ஒன்றாய் அமர்ந்து பேசியது குறைவு. இரு பக்கத்திற்கும் உறவான நம்மைப் போன்றோர் அன்றோ அதனை முதலில் பேச வேண்டும்!

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது: வீடும் விளைநிலமும் எவை, பாறை மடை எவை என்று ஊர் ஊராகச் சென்று அளந்து, மக்களைக் கேட்டு எல்லை வரைக, உழவனுக்கு விலக்கு அளித்தாலும் கல்லுடைப்போருக்கு விலக்கு அளியாதிருக்க என்று தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புவோம். இரண்டாவது: அடுத்த ஆண்டு விழாவிற்கு அம்பூரி உழவர் ஒருவரையும் காணியர் ஒருவரையும் இம்மேடைக்கு அழைப்போம், நாம் பேசுவதை நிறுத்தி அவர்கள் பேசக் கேட்போம். மூன்றாவது: சுற்றுலாச் செல்கையில் கொண்டுபோன குப்பையைக் கொண்டே திரும்புவோம். தன் நெகிழிப் பையைக் காட்டில் எறிந்துவிட்டுக் காட்டின் எல்லையைப் பற்றி வாதாட எவருக்கும் உரிமை இல்லை.

சென்ற முறை நாம் பாராமுகமாய்ப் பேருந்தை விட்டு இறங்கினோம். வரும் தை மாதம் மீண்டும் நெய்யாற்றுக்குச் செல்ல நிர்வாகக் குழு நாள் குறித்திருக்கிறது. அன்று வாதிட்ட இரு சாராரையும் ஒரே இருக்கையில் அமர்த்துமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வழி நெடுக அவர்கள் பேசட்டும். மலை கண்ணில் பட்டதும் இருவரும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.