அளவுகோலோடு நிற்பவர்

கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டில், வழி காட்டும் ஊழியர்கள் ஒற்றை விரலை நீட்டமாட்டார்கள். இரண்டு விரல், இல்லையென்றால் முழுக் கை. ஒற்றை விரல் சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படுமே!

அந்த மரியாதை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறதா? ‘ஸ்பேஸ் மவுண்டன்’ வாசலில் பாருங்கள். இருட்டில் வளைந்து பாயும் வண்டி அது. 40 அங்குல உயரம் இல்லாத குழந்தையை ஏற்றமாட்டார்கள். வெகுநேரம் வரிசையில் நின்ற பெற்றோர், அரை அங்குலம்தானே என்று சண்டைக்குப் போவதுண்டு. குழந்தையோ அழுகிறது. ஊழியர் பொறுமையாக இன்னொரு தரம் அளக்கிறார், மறுக்கிறார். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் குழந்தையின் உயிரை நினைப்பவர் அவர்தான்.

அங்கே ஒரு வசதியும் உண்டு. அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு இருக்கலாம். பிறகு முழு வரிசையில் நிற்காமலே அம்மாவும் ஏறலாம். கேட்டால் ஊழியரே விவரம் சொல்வார்.