நாற்பத்தைந்து நாளில் ஒன்றரை மடங்கு



1920-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பார் ஓர் அறிவிப்புச் செய்தார். தம்மிடம் 100 டாலர் கொடுப்போருக்கு 45 நாட்களில் 150 டாலராகத் திருப்பித் தருவதாக உறுதி கூறினார். இத்துணை ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கும் அவரிடம் விடை இருந்தது. அயல்நாட்டில் இருப்பவர் நமக்குப் பதில் எழுதுவதற்கான தபால் செலவை நாமே ஏற்றுக்கொள்ள உதவும் கூப்பன் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் நாணய மதிப்பு வீழ்ந்த நாடுகளில் அதை மலிவாக வாங்கி, அமெரிக்காவில் கூடுதல் மதிப்புள்ள தபால் தலைகளாக மாற்றலாம் என்றார்.

அந்தக் கூப்பன் மெய்யாகவே இருந்தது. விலை வேறுபாடும் இருந்தது. முழுப் பொய்யை யார் நம்புவர்? மெய்யோடு கலந்து தரும்போதுதான் அது தொண்டையில் இறங்குகிறது. இன்று கைப்பேசியில் வரும் அழைப்புகளில் கூப்பனின் இடத்தில் வேறொரு பெயர் இருக்கும், அவ்வளவே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றரை மடங்காகும் பணம் 360 நாட்களில் எட்டு முறை பெருகும். 100 டாலர் 2,562 டாலராகும். அவ்வாறே இன்னும் 360 நாள் விட்டுவைத்தால் 65,000 டாலரைத் தாண்டும். கூட்டு வட்டி பயின்ற எந்த மாணவனும் இதைக் கால் மணி நேரத்தில் கண்டுவிடுவான். பாஸ்டன் நகரத்தாருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. போட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

போட்டுப் பார்த்தவர் கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர். போன்சி பெற்ற தொகைக்கு ஈடாக 16 கோடி கூப்பன்கள் புழங்கியிருக்க வேண்டும். உண்மையில் புழங்கியவையோ ஏறத்தாழ 27,000 என்று ஜூலை மாதத்தில் அவர் எடுத்துக்காட்டினார். போன்சி தம் சொந்தப் பணத்தைத் தம் திட்டத்தில் போடவில்லை என்பதையும் சுட்டினார்.

செய்தி வெளிவந்ததும் பணத்தைத் திரும்பப் பெற மக்கள் அலுவலக வாயிலில் திரண்டனர். போன்சி கலங்கவில்லை. காத்திருந்தவர்களுக்குக் காப்பியும் தின்பண்டமும் வழங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அதைக் கண்ட பலர், 'கேட்டவுடன் கொடுக்கிறாரே! இவரையா ஐயுற்றோம்?' என்று பணத்தை விட்டுவைத்துத் திரும்பினர். சொன்னபடி கொடுக்கிறார் என்பதொன்றே அவர்களுக்குப் போதுமான சான்றாகப்பட்டது. அவர் கொடுத்தது பிறர் போட்ட பணமேயன்றி, கூப்பன் ஈட்டிய ஆதாயம் அன்று.

இவர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு விடை ஆகஸ்டு 11-ஆம் நாள்தான் 'பாஸ்டன் போஸ்ட்' இதழில் வெளிவந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் காசோலை மோசடிக்காகச் சிறை சென்றவர் அவர். மறுநாள் கைதானார், நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.