திடீரென்று ஏன் மெதுவாயிற்று?

(இணைய உலாவியைப் பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டரில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசரானது, அதாவது உலாவியானது, நேற்று வரை நன்றாய் ஓடிவிட்டு இன்று திடீரென்று நகர மறுத்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதாகும். இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு பிரசங்கமா என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களை நான் ஒன்று கேட்கின்றேன். இன்றைய தினம் காலேஜுக்கு விண்ணப்பம் போடுவது எதிலே? உத்தியோகப் பரீட்சைக்குப் பணம் கட்டுவது எதிலே? பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மனுச் செய்வது எதிலே? கடைசி நாள் மாலையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால், போவது ஒரு பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு அல்லவா? ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம் அல்லவா? ஆகையால் இது அற்ப விஷயமல்ல.

தோழர்களே! உலாவி மெதுவானவுடன் நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்லுகின்றோம்? “மெஷினுக்கு வயதாகிவிட்டது” என்கிறார் ஒருவர். “வைரஸ் புகுந்துவிட்டது” என்கிறார் மற்றொருவர். “நெட்டே சரியில்லை” என்கிறார் மூன்றாமவர். இவர்களில் ஒருவராவது பரீட்சித்துப் பார்த்துச் சொன்னாரா? இல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை இவர் சொல்லுகின்றார். இவர் சொன்னதை நாளைக்கு இன்னொருவர் சொல்லுவார். வயதாகிவிட்டது என்பவரைக் கேட்கின்றேன்: நேற்று இரவு பத்து மணிக்கு வாலிபமாயிருந்த மெஷின் காலை ஆறு மணிக்குள் கிழமாகிவிடுமா? வயதினால் வரும் தளர்ச்சி கொஞ்சங் கொஞ்சமாய் வரும். திடீரென்று வந்தது என்றால், ஏதோ ஒன்று திடீரென்று மாறியிருக்கின்றது என்பதுதான் பொருள். அந்த மாறுதல் என்ன என்று தேடுவதுதான் அறிவுள்ளவன் செய்ய வேண்டிய காரியமாகும்.

தேடுவதற்கு முன் இந்த உலாவி என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1990ஆம் வருஷத்தில் ஜெனிவா நகரத்தருகே செர்ன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் முதல் உலாவியைச் செய்தார். அப்போது இணையப் பக்கம் என்பது எழுத்தும் இணைப்பும் உள்ள வெறும் காகிதம் போன்றது. 1995இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி பிறந்தது. அதன் பிறகு பக்கம் காகிதமாயிருந்த நிலைமை மாறி, நமது மெஷினில் வந்து தானே வேலை செய்யும் யந்திரமாகிவிட்டது. இன்று நாம் 20 பக்கங்களைத் திறந்து வைத்தால் 20 புத்தகங்களைத் திறந்து வைத்ததாக அர்த்தமல்ல. 20 பேரை வீட்டுக்குள் அழைத்து அடுப்பையும் விளக்கையும் அவர்கள் வசம் ஒப்புவித்ததாகவே அர்த்தம். 2008இல் வெளிவந்த குரோம் உலாவி, பக்கங்களையும் நீட்சிகளையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்து ஓட்டுகின்றது. ஒன்று கெட்டால் மற்றது கெடாது என்பது இதில் உள்ள நன்மை. ஒவ்வொன்றும் தனக்கென்று நினைவகத்தில் இடம் கேட்கும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

இனி, கோளாறு எங்கே இருக்கின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி பாதியாக வெட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கேள்வி: எல்லாப் பக்கங்களும் மெதுவா, ஒரே ஒரு பக்கமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கத்தாருடையது. பரீட்சை முடிவு வெளிவரும் நேரத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே வாசலில் மோதினால் உங்கள் மெஷின் என்ன செய்யும்? இரண்டாவது கேள்வி: அதே இணைப்பில் உள்ள இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ வேகம் எப்படியிருக்கின்றது? அங்கேயும் மெதுவென்றால் இணைப்பைப் பாருங்கள். அங்கே வேகமென்றால் மெஷினைப் பாருங்கள். மூன்றாவது கேள்வி: அதே மெஷினில் வேறொரு உலாவி எப்படி ஓடுகின்றது? அது நன்றாய் ஓடினால் குற்றம் முதல் உலாவிக்குள் இருக்கின்றது. மூன்று கேள்விகளுக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு காசு செலவில்லை.

இணைப்பில் கோளாறு என்று தெரிந்தால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மில் அநேகர் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட் எடுக்கின்றோம். பல திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்தவுடன் வேகத்தை விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைத்துவிடுவார்கள். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். 2 மெகாபைட் உள்ள ஒரு சாதாரணப் பக்கம் வருவதற்கு அந்தக் கணக்கில் நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆகும். மத்தியானம் வரை பறந்த உலாவி மாலையில் படுத்துவிட்டதே என்று ஏங்குகிறவர், காலையில் பிள்ளைகள் எத்தனை வீடியோ பார்த்தார்கள் என்று கேட்டாரா? விண்டோஸ் தன் புதுப்பித்தலை மறைவில் இறக்கிக்கொண்டிருக்கிறதா, எப்போதோ போட்ட வி.பி.என். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பவைகளையும் பார்க்க வேண்டும்.

மெஷினில் கோளாறு என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எந்த வேலை எவ்வளவு நினைவகத்தை விழுங்குகின்றது என்று அது காட்டும். நினைவகம் நிறைந்துவிட்டால், மெஷின் மிச்சத்தை டிஸ்கில் இறக்கி வைத்து இறக்கி வைத்து எடுக்கும். டிஸ்க் நினைவகத்தைவிட வெகு மெதுவானது. சமையற்கட்டில் இடமில்லாமல் ஒவ்வொரு பாத்திரத்தையும் மாடியிலிருந்து எடுத்து வந்து சமைத்தால் சோறு எப்போது வேகும்? ஆகையால் வேண்டாத பக்கங்களை மூடுங்கள். டிஸ்கே நிறைந்திருந்தால் அதிலும் இடம் செய்யுங்கள். குரோமுக்குள்ளேயே ஷிப்ட், எஸ்கேப் என்ற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம், எந்த நீட்சி திருடுகின்றது என்று பெயரோடு தெரிந்துவிடும்.

திருடுகின்றது என்று சும்மா சொல்லவில்லை தோழர்களே! 2017ஆம் வருஷம் செப்டம்பரில் காயின்ஹைவ் என்று ஒன்று கிளம்பிற்று. அதன் நிரலை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால், அந்தப் பக்கத்தைப் பார்க்க வருகிறவருடைய மெஷின், அவருக்குத் தெரியாமலேயே, மொனேரோ என்னும் இணையக் காசைச் சம்பாதிப்பதற்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். காசு அவனுக்கு, மின்சாரச் செலவும் மெஷினின் சூடும் நமக்கு. 2018 பிப்ரவரியில், படிக்கச் சிரமப்படுவோருக்குப் பக்கங்களை வாசித்துக் காட்டும் பிரௌஸ்அலௌட் என்ற சேவையின் நிரலில் எவனோ இதைப் புகுத்திவிட்டான். அதனால் 4,000க்கு மேற்பட்ட தளங்கள் சில மணி நேரம் இந்தத் திருட்டுக்கு வாசலாயின. அவற்றில் பிரிட்டனில் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்தின் தளமும் ஒன்று! பெரிய இடத்துப் பக்கம், ஆகவே சுத்தமானது என்று நம்பியவர்கள் என்ன கண்டார்கள்? காயின்ஹைவ் 2019 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் வித்தை மூடப்படவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் மெஷினின் விசிறி இரைந்தால் அந்தப் பக்கத்தை மூடிப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் காரணம் கைக்கு வந்துவிட்டது.

உலாவிக்குள் கோளாறு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீட்சிகளை. உலாவிக்கு நாம் மேலே மாட்டிக்கொள்ளும் சிறு கருவிகளுக்கு எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்சி என்று பெயர். தி கிரேட் சஸ்பெண்டர் என்று குரோமுக்கு ஒரு நீட்சி இருந்தது. பார்க்காத பக்கங்களைத் தூங்க வைத்து உலாவியை வேகமாக்குவதே அதன் வேலை. 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அது முன்பின் தெரியாத யாரிடமோ கைமாறிற்று. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கிற்று. வேகத்துக்காக மாட்டியதே வினையாயிற்று! போட்டவர் ஒன்றும் செய்யவில்லை, பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை, உள்ளே இருந்த ஆள் மாறிவிட்டான். ஆகையால் “நான் ஒன்றும் புதிதாய்ப் போடவில்லையே” என்பது ஒரு சமாதானமாகாது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறங்கள். அதில், நீங்கள் அனுமதி கொடுத்திருந்தாலன்றி, நீட்சிகள் வேலை செய்யாது. பழைய குக்கீகளும் இருக்காது. அதிலே வேகமாக ஓடினால் குற்றம் நீட்சியிலோ, சேர்ந்துபோன பழைய சரக்கிலோ இருக்கின்றது. இரண்டில் எது? சாதாரண ஜன்னலுக்குத் திரும்பி வந்து நீட்சிகளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வேகம் வந்தால் நீட்சிதான். 16 நீட்சிகள் இருந்தால் ஒவ்வொன்றாய் 16 தடவை பார்க்க வேண்டியதில்லை. எட்டை மட்டும் ஓடவிடுங்கள். மறுபடி மெதுவானால் குற்றவாளி அந்த எட்டில். ஆகாவிட்டால் மற்ற எட்டில். பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. நான்கே தடவையில் ஆள் அகப்பட்டுவிடுவான். பயர்பாக்ஸில் நீட்சிகளை எல்லாம் ஒருசேர நிறுத்தித் தொடங்குவதற்கு டிரபிள்ஷூட் மோட் என்றே ஒன்று உதவிப் பட்டியலில் வைத்திருக்கின்றார்கள்.

இதையெல்லாம் செய்யாமல், எதற்கெடுத்தாலும் “கேஷை அழி, குக்கீயை அழி” என்று உபதேசம் செய்வோர் இருக்கின்றார்கள். கேஷ் என்பது என்ன? ஒரு தடவை வந்த படத்தையும் நிரலையும் மறுபடி தூரத்திலிருந்து வரவழைக்காமல் இங்கேயே சேர்த்து வைத்திருக்கும் பத்தாயம். பத்தாயத்தைக் கொட்டிவிட்டால் ஒவ்வொரு தானியத்தையும் மறுபடி சந்தையிலிருந்துதானே கொண்டுவர வேண்டும்? முதல் தடவை இன்னும் மெதுவாகவே ஓடும். பழைய சரக்குக் கெட்டுப்போய்ப் பக்கம் தாறுமாறாய்த் தெரிந்தால் அழிப்பதில் நியாயமுண்டு. காரணம் தெரியாமல் அழிப்பது வெறும் சடங்கே தவிர வைத்தியமாகாது. குக்கீயை அழித்துவிட்டு, கடவுச்சொல் தெரியாமல் எந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாமல் தவிப்பதுதான் மிச்சம்.

சில சமயம் குற்றம் நம்முடையதே அல்ல. 2022 ஜனவரி 13ஆம் தேதி உலகமெங்கும் பயர்பாக்ஸ் உலாவிகள் பக்கங்களைத் திறக்க முடியாமல் நின்றன. அநேகர் ரௌட்டரை அணைத்தார்கள். உலாவியை நீக்கி மறுபடி போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. காரணம் என்ன? எச்.டி.டி.பி. 3 என்னும் புதிய போக்குவரத்து முறையைக் கையாளும் பகுதியில் பயர்பாக்ஸில் முன்பே ஒரு பிழை மறைந்து கிடந்தது. மொஸில்லா பயன்படுத்திய கிளவுட் சேவையில் அமைப்பு ஒன்று மாறியவுடன் அந்தப் பிழை விழித்து, உலாவி முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் அவர்கள் அந்த அமைப்பைத் திருப்பி நிலைமையைச் சரிசெய்தார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்டு வேறொரு உலாவியைத் திறந்து பார்த்தவன் ஐந்து நிமிஷத்தில் தன் காரியத்தை முடித்துக்கொண்டான். கேட்காதவன் வீட்டிலுள்ளதையெல்லாம் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

இனி, இந்த அறியாமையில் பிழைப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடீரென்று திரை முழுதும் சிவந்து, “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்” என்று கூச்சலிடும். தோழர்களே, அது ஒரு விளம்பரப் பலகை, வைத்தியனல்ல. ஒரு வெப் பக்கத்துக்கு உங்கள் மெஷினைச் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்கும் சக்தி கிடையாது. அந்த நம்பருக்குப் பேசினால் தூரத்திலிருந்து உங்கள் மெஷினை இயக்கும் செயலியைப் போடச் சொல்லுவான். பிறகு உங்கள் பாங்குக் கணக்கு அவன் கைக்குப் போகும். பக்கத்தை மூடுங்கள், மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் உலாவியையே நிறுத்துங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் புகார் செய்யுங்கள். “மெஷினைச் சுத்தம் செய்யும்” செயலிகளையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 2017இல் சி-கிளீனர் என்ற பிரசித்தி பெற்ற சுத்தம் செய்யும் செயலியின் 5.33ஆம் பதிப்பிலேயே, அதன் சொந்தக் கம்பெனிக்கே தெரியாமல், தீங்கான நிரல் புகுந்து சுமார் 22.7 லட்சம் மெஷின்களுக்குப் போய்விட்டது. துடைப்பத்திலேயே அழுக்கிருந்தால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

முடிவாகச் சொல்லுகின்றேன். ஒரு தடவைக்கு ஒரு மாறுதல்தான் செய்ய வேண்டும். ஐந்தை ஒன்றாய் மாற்றிவிட்டுச் சரியாயிற்று என்றால், எதனால் சரியாயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடி வரும்போது மறுபடி ஐந்தையும் செய்துகொண்டிருப்பீர்கள். செய்ததை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். ரிப்பேர்க் கடைக்குப் போவது தவறல்ல. போகும்போது, “மெதுவாயிருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், “எல்லாப் பக்கமும் மெது, போனில் வேகம், வேறு உலாவியிலும் மெது” என்று சொல்லிப் பாருங்கள். உங்களிடம் 500 ரூபாய் கேட்க நினைத்தவன் யோசித்துத்தான் கேட்பான். வீட்டிலுள்ள பெண்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்; அண்ணன் வரட்டும், தம்பி வரட்டும் என்று காத்திருந்து கடைசித் தேதியைப் போக்கடிக்க வேண்டாம்.

நான் இவ்வளவு நேரம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்றிரவே வீட்டில் மெஷினைத் திறந்து, ஒவ்வொன்றாய்ச் செய்து பாருங்கள். சரியாயிருந்தால் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் சொல்லுங்கள்; தவறாயிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து என்னைக் கேளுங்கள்.