அடுக்குகளைத் திறந்துவைத்தவர்



கவிஞர் ஒருவரின் மெலிந்த தொகுப்பு நூலகப் பேழைக்குள் பூட்டப்படுமாயின், அஃது அச்சேறியும் அச்சேறாத நூலே. இதனை நன்குணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன்.

கணிதம் கற்பித்துவந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அப்பணியின் தனிமை பொறாது, சில நாள்களிலேயே கல்லூரிக்கு மீள விழைந்தார். இலண்டன் சென்று பயின்றபின் அம்மனம் மாறியது. அங்குக் கடையொன்றில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளில், அதே துண்டுகள் வெவ்வேறு உருவங்களாக இணைந்தன. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு வித்து அதுவே. பொம்மையில் நூலகத்தைக் கண்ட அக்கண், கவிஞர் கண்ணினும் குறைந்ததன்று!

வாசகர் தம் கையாலேயே நூலை எடுக்குமாறு அவர் அடுக்குகளைத் திறந்துவைத்தார். தேடிவந்த நூலை எடுக்கும் கை, அருகிருக்கும் தேடாத நூலையும் புரட்டும். பெயரறியாக் கவிஞர்க்கு வாசகர் வாய்ப்பது அவ்வாறன்றோ? மெரினாக் கரையில் 1936-இல் நூலகத்திற்கெனக் கட்டடமும் எழுந்தது. அதன் எழில் பெரிது. அடுக்குகளின் திறப்பு அதனினும் பெரிது.

நெல்லைச் சீமைக்கும் 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் பல்கலைக்கழகம் வாய்த்தது. அஃது அமைந்துள்ள அபிஷேகப்பட்டி, சுந்தரபாண்டியபுரத்தார்க்கு எட்டாத ஊரன்று. இவ்வூர்ச் சூரியகாந்தி வயல்களைப் பாடும் உள்ளூர்த் தொகுப்புகள் பல நண்பர் வீட்டுப் பரண்களோடு நின்றுவிடுகின்றன. சிலவற்றில் பதிப்பாண்டுகூட இராது. பகுப்போர் என் செய்வர்?

மன்றத்தார் இப்பத்தாம் ஆண்டு மலரில் ஊரும் ஆண்டும் தெளிவுறப் பொறித்து, இரு படிகளை அந்நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும்.