பொழுதறிந்து உண்ணல்

கற்பிட்டிக் கரையோரத்து வீடு ஒன்றை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். வள்ளம் கரைசேர்ந்து, பாரை மீன் வீட்டுக்கு வந்திருக்கிறது. குடும்பத் தலைவி தேங்காய் துருவிப் பாலெடுத்துக் கறியாக்கி, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறுகிறார். எல்லோரும் உண்டெழுந்த பின்னர், இரவு ஒன்பது மணியளவில், எஞ்சிய சோற்றைத் தம்முன் வைத்துக்கொள்கிறார். முதல் நாலைந்து கவளம் இலகுவாக இறங்குகின்றது. பின்னர் தாடை ஓய்கிறது. மென்ற சோறு வாயிலேயே நிற்கிறது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்புகிறது. “பசியில்லை” என்று சொல்லிக் கோப்பையை அப்பால் வைத்துவிடுகிறார். உண்மையில் பசி இருக்கிறது. மெல்லுவதற்கு வேண்டிய பலந்தான் இல்லை.

இத்தகைய துன்பத்தைத் தரும் நோய்களுள் ஒன்று மயஸ்தீனியா கிராவிஸ் என்பது. தசைச்சோர்வு நோய் என்று தமிழிற் கூறலாம். கண்ணிமை தொங்குதல், பேசப்பேசக் குரல் மூக்கொலியாதல், தலைசீவ உயர்த்திய கை தாழ்ந்துவிடுதல் ஆகியன இதன் அடையாளங்கள். ஓய்வெடுத்தால் பலம் மீள்கிறது, உழைத்தால் மறைகிறது. ஆதலின் காலையில் நலமாயிருப்பவர் மாலையில் தளர்ந்துவிடுகிறார். இதைக் கண்ட அயலவர் சோம்பல் என்று எண்ணிவிடுதலும் உண்டு.

நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசைக்குச் செய்தி கொண்டுசெல்கின்றது. இந்நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புப் பொருள்களே அச்செய்தியை ஏற்கும் இடங்களை அடைத்துச் சிதைத்துவிடுகின்றன. வள்ளம் வந்தும் துறை அடைபட்டுக் கிடந்தாற் போன்ற நிலை இது. 1934ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கிறீனிச் நகர வைத்தியசாலையொன்றிற் பணியாற்றிய மேரி வோக்கர் என்னும் பெண் வைத்தியர், இந்நோயின் தன்மை கியூராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கருதினார். அந்நஞ்சுக்கு மாற்றாக அறியப்பட்ட பைசொஸ்டிக்மின் மருந்தை ஒரு நோயாளிக்கு ஊசிமூலம் ஏற்றினார். சிறிது நேரத்துக்குத் தளர்ந்த தசைகள் வலுப்பெற்றன. அவ்வினத்தைச் சேர்ந்த பிரிடோஸ்டிக்மின் குளிசையே இன்று பரவலாக வழங்கப்படுகிறது.

சமையலறைக்கும் இக்குளிசைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இது ஏறத்தாழ 30 முதல் 45 நிமிடத்தில் வேலைசெய்யத் தொடங்கி, 3 அல்லது 4 மணி நேரம் பயன்தரும். ஆதலின் மெல்லவும் விழுங்கவும் இடர்ப்படுவோருக்கு, உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இதனைக் கொடுக்க வைத்தியர்கள் ஏற்பாடு செய்வதுண்டு. குளிசையால் வயிறு புரட்டுமாயின், அதனுடன் சிறிது பிஸ்கற்றோ பாணோ உண்ணலாம். அளவை மட்டும் தாமாகக் கூட்டுதல் ஆகாது. மிகுந்தாலும் தசைகள் தளரும்.

இங்கேதான் நம்மவர் வழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. ஆக்கியவர் கடைசியில் உண்பது பண்பு என்று கருதப்படுகிறது. நலமுள்ளவருக்கு அது பண்பாயிருக்கலாம். இந்நோயாளிக்கோ அது பட்டினி. அடுப்படியில் நின்று பலமெல்லாம் செலவாகி, குளிசையின் பயனும் தீர்ந்த பின்னர் உண்ண அமர்ந்தால் எவ்வாறு விழுங்க முடியும்? ஆகவே முதற்கோப்பை அவருக்கே உரியது. பெரிய உணவைக் காலையிலும் நண்பகலிலும் வைத்து, இரவுக்கு மெதுவான சிற்றுணவு போதுமென்று அமைத்தல் நன்று.

வேலையையும் பகிர்தல் வேண்டும். தேங்காய் துருவுதலும் உரலில் இடித்தலும் கையை விரைவிற் களைக்கச் செய்வன. அவற்றைக் கணவரோ மக்களோ ஏற்கட்டும். காய் நறுக்குவதை அவர் காலை வேளையில் அமர்ந்தபடி செய்யலாம். வெப்பமும் இந்நோயின் தளர்ச்சியைக் கூட்டுமாதலின், அடுப்பருகே நெடுநேரம் நிற்றல் தகாது.

உணவு எத்தகையதாய் இருக்கவேண்டும்? உதிரும் பிட்டைத் தனியே உண்டால் தொண்டையிற் சிக்கும். சொதியிற் குழைத்தால் இறங்கும். தண்ணீர்போன்ற இரசத்திற் கட்டிகள் மிதப்பதும் இடர் தரும். எல்லாம் ஒரே பதமாக மசிதல் வேண்டும். நன்கு குழைந்த சிவப்பரிசிக் கஞ்சி, மசித்த பூசணி, பருப்புடன் கடைந்த கீரை, முள்நீக்கிப் பாலில் வேகவைத்த பாரை, மெதுவாக அவித்த முட்டை யாவும் ஏற்றவை. புத்தளத்து முஸ்லிம் இல்லங்களின் நோன்புக் கஞ்சியும், இறைச்சியை நன்கு அரைத்துச் சேர்த்தால், இவ்வகையினதே. நோன்பு நோற்க விரும்புவோர் குளிசை நேரத்தை முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். பிணியாளருக்கு மார்க்கமே விலக்களித்திருக்கிறது.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பளமும் கருவாடும் இக்கரையின் செல்வங்கள். ஆயினும் இந்நோயாளர் பலர் பிரெட்னிசொலோன் மருந்தையும் உட்கொள்கின்றனர். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், சர்க்கரையைக் கூட்டும், எலும்பை நலியச் செய்யும். ஆதலின் கருவாட்டைக் குறைத்து, புளியாலும் தேசிக்காயாலும் சுவையூட்டுவது நன்று. எலும்புக்குப் பாலும் தயிரும் உதவும்.

உண்ணும்போது நிமிர்ந்திருந்து, சிறு கவளமாக, பேச்சைக் குறைத்து உண்ணட்டும். இடையில் ஓய்வெடுப்பதைப் பிறர் அவசரப்படுத்தலாகாது. நீரும் எச்சிலும் விழுங்க முடியாமற் போனாலோ, மூச்சு முட்டினாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஒரு மணித்தியாலத் தாமதமும் உயிருக்கு ஊறாகலாம்.

அந்தக் கற்பிட்டி வீட்டுக்கு மீண்டும் வருவோம். அதே மீன், அதே அடுப்பு. ஆனால் தேங்காயை மகன் துருவுகிறான். பகல் உணவுக்கு முன்னரே, “அம்மா, குளிசை போட்டாயிற்றா?” என்று மகள் கேட்கிறாள். முக்கால் மணி நேரம் கழித்து, முதற்கோப்பை தாயின் முன் வைக்கப்படுகிறது. அவருக்கு நோய் தீரவில்லை. ஆயினும் அன்று அவர் வயிறார உண்டார். “பசியில்லை” என்ற பொய்யைச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.